இருநூறு வாட்ஸ்

கனகசபாபதி வங்கி முகாமையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அபிப்பிராயம் சொல்வதிலிருந்து இன்னும் பெறவில்லை. வெள்ளவத்தைக் கடையில், சீடி போட்டுக் கேட்கும் செட்டுகளுக்கு முன்னால், கடன் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மனைவி பத்மாவதிக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டு ரேடியோ பழுதாகிவிட்டது. சண்டையால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த தம்பி குடும்பம் எந்தப் பக்கம் போனதென்று அறிய, சோர்ட் வேவில் வரும் லண்டன் தமிழ்ச் செய்தியை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

"பிள்ளை, இதில சோர்ட் வேவ் இருக்கோ?"

"இந்தச் சின்னதுல இரிக்கி மேடம், எண்பது வாட்ஸ்," என்றாள் விற்பனைப் பெண் ஜவாஹிறா. "அந்தப் பெரிசுல எஃப்எம் மட்டும்தான். ஆனா இருநூறு வாட்ஸ்."

"இருநூறு!" கனகசபாபதியின் முகம் மலர்ந்தது. "சங்கீதம் எண்டால் நெஞ்சில இடிக்கவேணும். செய்தியை எந்தத் தகரத்திலயும் கேக்கலாம்."

"எங்கட வீட்டில ஒரு தகரமும் இல்லையே, இஞ்சாருங்கோ."

"உமக்கு உது விளங்காது."

அன்று மாலையே பெரிய செட் வீட்டுக்கு வந்தது; அக்கம்பக்கத்தாருக்கு அழைப்புப் போயிற்று. நெஞ்சில் இடிக்கும் தாழ்சுருதியின் மகிமை பற்றி நீண்டதொரு விளக்கம் கொடுத்துவிட்டு, நாதஸ்வர சீடியைப் போட்டுக் குமிழைத் திருகினார். சுவர் அதிர்ந்தது. பக்கத்து ஃபிளாட் மாக்ரெட் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அங்கிள், சந்தியில ஆமி செக்பொயின்ற்! குறையுங்கோ!"

"முந்தநாள்தான் ஆமிக்காரர் என்ர அறைக்குள்ள வந்து அடையாள அட்டை பாத்திட்டுப் போனவங்கள்," என்றார் மேல்மாடிச் சவுந்தரநாயகம். "இதுக்கு மேளதாளத்தோட வேற கூப்பிடுறியளோ?"

குமிழ் பின்னோக்கிச் சுழன்றது. இருநூறு வாட்ஸ், அடுத்த அறையில் ரீங்கரிக்கும் நுளம்பின் குரலில் கல்யாணி ராகம் வாசித்தது. சபையோர் செட்டில் மின்னிய விளக்குகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

செய்தி நேரம் வந்ததும் பத்மாவதி எழுந்தாள். "மாக்ரெட், உங்கட ரேடியோவில கேப்பமோ?" சபை முழுவதும் அவள் பின்னால் போயிற்று. ரசிகர் ஒருவரே மிஞ்சினார். அவரே செட்டின் சொந்தக்காரர்.

மறுநாள் காலை பத்மாவதி செட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினாள்.

"வித்த சாமானை மாத்தித் தரமாட்டாங்கள்," என்றார் கனகசபாபதி.

"தருவினம். நேற்று நீங்கள் வாட்ஸ் கதைக்கேக்க நான் அந்தப் பிள்ளையிட்டக் கேட்டுப்போட்டன்."

ஓட்டோவில் போனவள் எண்பது வாட்ஸுடன் திரும்பினாள்.

அன்றிரவு அதே ஆட்கள், அதே கூடம், சாத்திய அதே ஜன்னல். கனகசபாபதி அலைவரிசை பற்றித் தொடங்கினார்.

"சத்தம் போடாதேங்கோ, கிளிநொச்சி எண்டு சொல்லுறான்!" என்றாள் பத்மாவதி.

அவர் வாயை மூடினார். இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிந்தது: சனம் அக்கராயன் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பத்மாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தம்பியின் மனைவிக்கு அங்கேதான் தாய்வீடு.

பிறகு கனகசபாபதி சபையை நோக்கித் திரும்பினார்.

"கேட்டனீங்களோ, என்ன துல்லியம்! செட் எடுக்கிறதெண்டால் பாத்து எடுக்கவேணும்."