காவித் துண்டும் சாளைக் குழம்பும்

என் புருஷன் பறக்க மாட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. மொட்டை மாடியில் துணி காயப்போடக்கூட அவருக்குத் தலை சுற்றும். பெயர் மத்தியாஸ். வண்ணார்பேட்டையில் மோட்டார் பம்ப் விற்கிற கடையில் வேலை. தண்ணீருக்குள் இறங்கினால் மட்டும் வேறு ஆள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மூச்சு விடாமல் இருப்பார், எதிர் வெள்ளத்தில் பஸ்ஸைவிட வேகமாகப் போவார். அதுவும் தாமிரபரணித் தண்ணீரில்தான். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்குக் கடலில் இந்த வித்தை எதுவும் நடக்காது. அது ஏன் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆற்றில் யாராவது தத்தளித்தால் அவருக்குக் குழாயில் கேட்டுவிடும். ஊருக்கெல்லாம் குழாயில் வருவது அந்த ஆற்றுத் தண்ணீர்தானே. சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயைத் திறப்பார், அப்படியே காதைச் சாய்ப்பார், "ஏ ஜாய்சி, பாபநாசத்துப் பக்கம் ஒரு சத்தம்" என்பார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வாய்க்காலில் குதித்துவிடுவார். நான் சாம்பாருக்குத் தாளித்து முடிப்பதற்குள் பாபநாசமே போய்ச் சேர்ந்துவிடுவார். தட்டு அப்படியே கிடக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் முழுதாகக் கழுவி முடித்த பாத்திரங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தத் துண்டு, நெல்லையப்பர் தேரோட்டத்தன்று நடைபாதைக் கடையில் நான் வாங்கியது. காவி நிறம். சாயம் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், அதனால் வாங்கினேன், வேறு காரணம் கிடையாது. ஊர் அதை விட்டுவிடுமா? 'துண்டுக்காரர்' என்று பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் யார், எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் தாங்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். காவியைப் பார்த்த சைவர்கள் அவரைச் சிவனடியார் என்றார்கள். என் கடற்கரைச் சொந்தங்கள், நீச்சலைப் பார்த்தாலே நம்ம ஆள் என்று தெரிகிறதே என்றார்கள். காய்கறிக் கடை ஹமீது பீவி, "வெள்ளிக்கெழம மத்தியானம் மட்டும் அவரு வாரதே இல்ல, கவனிச்சியா? பள்ளிவாசலுக்குப் போயிருப்பாரு" என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பம்ப் கடையில் முதலாளி கூட்டம் போடுவார், யாரையும் குழாய்ப் பக்கம் எழுந்து போக விடமாட்டார், அவ்வளவுதான் விஷயம். ஆளாளுக்கு பிளக்ஸ் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் என் புருஷன் வேறு வேறு உடம்போடு நின்றார். ஒன்றில்கூடத் தொப்பை இல்லை.

வீட்டு விவகாரம் வரும்வரைக்கும் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நாங்கள் இருப்பது தச்சநல்லூரில், ஞானசம்பந்தன் அண்ணாச்சி வீட்டு மாடியில். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மத்தியாஸ் என்ற பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்திய வீடுகளை எல்லாம் ஏறி இறங்கிய பிறகு இவர்தான் கொடுத்தார். வீட்டுக்குள் கவிச்சி சமைக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. சரி என்று வாக்குக் கொடுத்தோம். வாக்கை நான் மீறியதே இல்லை. இப்போது எனக்கு ஏழு மாதம். ராத்திரி பகல் எந்நேரமும் சாளை மீன் குழம்பு நினைப்பு. அப்படியும் ஒரு செதில் இந்த வீட்டுப் படியேறவில்லை.

ஆனால் என் புருஷன் படியேறுகிறாரே. ஒவ்வொரு தடவை யாரையாவது காப்பாற்றிவிட்டு வரும்போதும் ஆற்றுச் சேறும் பாசியும் மீனுமாக ஒரு வாடை அவரோடு வரும். எந்த சோப்பும் எடுபடாது, அரைநாள் நிற்கும். அந்த வாடை கீழே போய் அண்ணாச்சி மூக்கில் ஏறும். ஒருநாள் அவர் மேலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, மீன் வச்சியா?"

"இல்ல அண்ணாச்சி."

"என் மூக்கு பொய்யா சொல்லுது? எத்தன தடவதான் பொறுக்கது? வாக்கு மாறுதவங்களோட எனக்கு ஒத்து வராது." அவர் கண் என் வயிற்றின் மேல் விழுந்தது, குரல் இறங்கியது. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிடுங்க."

சமைக்காத மீனுக்காக வயிற்றுப் பிள்ளையோடு வீடு மாறப்போகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீடு போவதுகூடப் பெரிதில்லை, என்னைப் பொய்க்காரி என்றாரே, அது தாங்கவில்லை. சாயங்காலம் மத்தியாஸ் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"கீழ போயி ஒரு வார்த்த சொல்லித் தொலைங்க. துண்டுக்காரன் நாந்தான்னு சொல்லுங்க. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல அவரு உயிரக் காப்பாத்துனதே நீங்கதான? காலி பண்ணச் சொன்ன வாயாலேயே இருக்கச் சொல்லுவாரு."

"ஏட்டி, பையப் பேசு." அவர் தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கோபமாக இருந்தால் அவர் தேங்காய் துருவுவார். "இப்ப நான் கைய நீட்டுனா எல்லாரும் பிடிச்சிக்கிடுதாவ. ஏன்? யாரு கைன்னு தெரியாது. அவனவன் தன் ஆளு கைன்னு நெனச்சிக்கிடுதான். பேரு தெரிஞ்சிட்டுன்னா பிடிக்கதுக்கு முன்னால யோசிப்பாவ. தண்ணிக்குள்ள யோசிக்க நேரம் கெடையாது."

"சாவப்போற நேரத்துல எவன் யோசிப்பான்? உங்களுக்கு ஊரப் பத்திக் கெட்ட நெனப்பு."

"நெனப்பு இல்லட்டி, பழக்கம். அவங்க கை தானா செய்யும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று மறுநாள் கீழே இறங்கினேன். அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு அழைப்பிதழ் மாதிரி. துண்டுக்காரருக்குப் பாராட்டு விழா எடுக்கக் கமிட்டி போட்டிருந்தார்கள், அதற்கு இவர்தான் தலைவர். விழா அறிவித்தால் ஆள் தானே மேடைக்கு வந்துவிடுவார் என்பது கமிட்டியின் திட்டம். என்னைப் பார்த்ததும் முந்தைய நாள் பேசியதையெல்லாம் மறந்து உற்சாகமாகிவிட்டார்.

"அவரு மட்டும் யாருன்னு தெரியட்டும்மா, என் மாடிய அவரு பேருக்கே எழுதிக் குடுத்துருவேன்."

அந்த மாடியைத்தான் எங்களைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேரே சொல்லாமல், "ஒருவேள அவரு எங்க பக்கத்து ஆளா இருந்தா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளையின் கேள்விக்குச் சிரிக்கிற சிரிப்பு. "நம்ம ஆளுதாம்மா. அவரு தொட்டதுமே எனக்குத் தெரிஞ்சிட்டு. கையே சொல்லிட்டு."

அன்று காலையில்தான் அதே கை அவர் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கி அடுப்படியில் வைத்துவிட்டு வந்திருந்தது. அப்போது அந்தக் கை ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாடி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். வாய் சொல்லாவிட்டால் போகட்டும், முகம் சொல்லட்டும். கொடியில் காய்ந்த காவித் துண்டை எடுத்து பீரோவுக்குள் என் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அடுத்த தடவை துண்டில்லாமல் போகட்டும், ஊர் பார்க்கட்டும், பிளக்ஸில் எல்லாம் தொப்பை வரட்டும்.

அந்த அடுத்த தடவை மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. ஐப்பசி மழை, அணைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மத்தியாஸ் வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"குறுக்குத்துறைப் படித்துறையில ஒரு சத்தம்" என்றார். கொடியைப் பார்த்தார். "துண்டு எங்கட்டி?"

"எனக்கென்ன தெரியும்?"

அவர் என் இடுப்புச் சாவியைப் பார்த்தார். திட்டுவார், பிடுங்குவார் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார். பின்னால் வாய்க்காலில் தொபீரென்று சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் சொன்னது மாதிரி ஆகிவிட்டால்? அந்த முகத்தைப் பார்த்து யாரோ ஒருவர் யோசித்துவிட்டால்? பீரோவைத் திறந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதாவே, அந்த ஆளுக்கு யோசிக்கத் தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மத்தியாஸ் திரும்பி வந்தபோது உடம்பில் சட்டை இல்லை. கையிலும் நெஞ்சிலும் நகக் கீறல்.

"யாரு?"

"ஞானசம்பந்தன் அண்ணாச்சி."

"உங்களப் பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரு." காப்பி கேட்டார், குடித்தார், வேறு சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பகல் முழுக்கக் கீழ்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு ஒரு வார்த்தை இல்லை. இந்த லட்சணத்தில் மாடியை எழுதி வேறு கொடுப்பாராம். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன். கட்டுகிற ஒவ்வொரு பாத்திரத்தையும் கீழே கேட்கிற மாதிரிப் போட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சியே வந்தார். ஒரு கையில் மத்தியாஸின் சட்டை, துவைத்து மடித்தது. இன்னொரு கையில் ஒரு பை, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். தன் சொந்த வீட்டு மாடியில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

வந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாரும் போவாதன்னுதான் சொன்னாவ. ஐப்பசி முழுக்கு விட மனசில்லாம எறங்குனேன். காலு வழுக்கிட்டு. தண்ணி இழுத்துட்டுப் போவுது, ஒரு கை வந்துச்சு. பிடிக்கப் போனேன். நிமிந்து பாத்தா மத்தியாசு." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "கைய இழுத்துட்டேன்ம்மா."

நான் கையிலிருந்த சாக்குக் கயிற்றைக் கீழே வைத்தேன்.

"வேணும்னு செய்யல. யோசிக்கக்கூட இல்ல. மூக்குல தண்ணி ஏறுது, சாவப்போறேன், என் கை தானா பின்னால போவுது. இத்தன வயசுக்கும் நான் நல்ல மனுசன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் எப்படி?"

"அவரு என்னயக் கேக்கல. இடுப்பப் பிடிச்சு இழுத்தாரு. நான் கீறுனேன், உதறுனேன், விடல. வேட்டி ஆத்தோட போயிட்டு. தன் சட்டையக் கழட்டி என் இடுப்புல கட்டி, படியில உக்கார வச்சிட்டு, பைய நடந்து போங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்பத்தான் அந்தக் கை எனக்குத் தெரிஞ்சுது. பாபநாசத்துல பிடிச்ச அதே கை."

அவரைத் திட்டுவதற்கென்று பகல் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. அது மத்தியாஸுக்காகவா இந்த மனுஷனுக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இன்னைக்கு ஏம்மா அவரு துண்டு கட்டல?"

"நாந்தான் ஒளிச்சு வச்சேன். உங்களுக்குத் தெரியணும்னு."

"தெரிஞ்சிட்டு. எனக்குத் தெரிஞ்சதே கூடுதல்." அவர் எழுந்தார். "துண்ட அவரு கையில குடுத்துரு. ஒருநாளும் அது இல்லாம விடாத. விழா வேண்டாம், ஆளத் தேட வேண்டாம்னு கமிட்டியில சொல்லிட்டேன். என் ஒரு கையவே என்னால நம்ப முடியல, ஊருல எத்தன கை இருக்கு."

வாசல்வரை போனவர் பையை அங்கேயே தரையில் வைத்தார்.

"சாளையாம். நல்லதா கெட்டதான்னு எனக்குப் பாக்கத் தெரியாது, கடைக்காரன் எடுத்துக் குடுத்தான். மாசமா இருக்கவ வாய்க்கு ஏங்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல அன்னத்தாய் சொல்லுதா."

"அண்ணாச்சி, இந்த வீட்டுல நான் இதுவரைக்கும் வச்சதே இல்ல."

"இப்பத் தெரியும்மா" என்றார். அன்னத்தாய் மதினி படியடியில் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு.

சாக்கைப் பிரித்துச் சட்டியை எடுத்தேன். மத்தியாஸ் வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சித் தன் கையை முகர்ந்து பார்த்தார், பாவம், வாடை தன்மேல் என்று நினைத்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் தேங்காய்த் துருவியை எடுத்தார்.

அப்போது கீழே தெருவில் எதிர்வீட்டு அருணாசலம் குரல் கேட்டது. கமிட்டியில் அவரும் ஒரு ஆள். "என்ன அண்ணாச்சி, உங்க மாடியில மீன் வாடை அடிக்கி. நான் அப்பமே சொன்னேன், அவங்களுக்கெல்லாம் வீட்டக் குடுக்காதீயன்னு."

நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நாற்காலி நகர்கிற சத்தம்.

"மாடிக்காரங்க வாங்கல வே, நாந்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார் ஞானசம்பந்தன் அண்ணாச்சி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில். "என் வீட்டு மீனுதான். அதுக்கென்ன இப்பம்?"

மத்தியாஸ் என்னைப் பார்த்தார். நான் குழம்பில் புளி போதுமா என்று பார்த்தேன்.