ஜம்ஜம் என்று சொன்ன தண்ணீர்

ஜுமானா தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆரஞ்சுப் பொடி கலக்கிக் கொடுத்தால் குடிப்பாள். ரோஸ்மில்க் குடிப்பாள். வெறும் தண்ணீர் என்றால் வாயில் வைத்துக்கொண்டு, அம்மா திரும்பியதும் வாசலில் துப்பிவிடுவாள். ஆறு வயது.

ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று மறுபடியும் அழுதபோது ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் சின்னக் கல். மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம் என்றார் டாக்டர். கலர்த் தண்ணீர் எதுவும் கூடாது. இப்படியே விட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

வெள்ளிக்கிழமை பெண்களுக்கு நடக்கும் மார்க்கச் சொற்பொழிவில், பயானில், அம்மா ஜெய்த்தூன் எழுந்து இதற்கு வழி கேட்டாள். பயான் செய்யும் ஆலிமா மார்க்கம் படித்தவர், அவளைவிடச் சின்னப் பெண். பிள்ளையை உட்கார வையுங்கள், வலது கையில் கிளாஸைக் கொடுங்கள், பிஸ்மில்லா சொல்லச் சொல்லுங்கள், மூன்று மடக்கு, மடக்குக்கு நடுவில் கிளாஸை விலக்கி மூச்சு, கடைசியில் அல்ஹம்துலில்லாஹ். அதட்டாதீர்கள். முதலில் நீங்கள் அவள் எதிரில் குடியுங்கள் என்றார்.

ஜெய்த்தூன் குடித்தாள். ஜுமானா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பிஸ்மில்லா சொன்னாள், அழகாக. தண்ணீரைத் துப்பினாள்.

"ஏட்டி ஜெய்த்தூனு, ஒம் மகளுக்கு ஓதுறது எறங்குது, தண்ணிதான் எறங்க மாட்டேங்குது" என்றாள் அடுத்த வீட்டு வெள்ளத்தாய். இருவரும் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்கு ஒன்றாகப் போகிறவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெய்த்தூனின் அண்ணன் மக்காவுக்கு உம்ரா போய்விட்டு வந்தார். ஒரு சின்ன கேனில் அங்குள்ள ஜம்ஜம் கிணற்றுப் புனிதத் தண்ணீர் கொண்டுவந்தார். தொழுகிற திசை, கிப்லா பக்கம் திரும்பி நின்று குடிக்கணும், என்ன நினைத்துக் குடிக்கிறோமோ அது நடக்கும் என்று ஜுமானாவிடம் சொன்னார். ஜுமானா நின்றாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"இன்னும் தாம்மா."

ஒரு வாரத்தில் கேன் காலியானது. அன்று காலை ஜெய்த்தூன் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிரப்பினாள்.

"ஜம்ஜம் இன்னும் இருக்காம்மா?"

"இருக்கு."

அதற்குப் பிறகு குடிக்க வைக்கும் பாடு இல்லை. ஜுமானா எழுந்ததும் குடித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பாட்டிலில் கொண்டுபோனாள், காலியாகத் திரும்பக் கொண்டுவந்தாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். கல் வலி போக வேண்டும் என்று துஆ கேட்கிறாள் என ஜெய்த்தூன் நினைத்துக்கொண்டாள்.

ஒரு பயானில் ஆலிமா வேறொன்று சொன்னார். ஒரு பெண், வா உனக்கு ஒன்று தருகிறேன் என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். என்ன தரப்போகிறாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றாள். கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். ஜெய்த்தூன் பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

மழை தொடங்கியபோது மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. இப்படியே குடிக்கட்டும் என்றார் டாக்டர்.

வெள்ளத்தாயிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"நேத்து ஒம் மகட்ட கேட்டேன். கண்ண மூடிக்கிட்டு அப்படி என்னத்தட்டி கேக்கன்னு. மொதல்ல சொல்ல மாட்டேன்னா. பொறவு காதுல சொன்னா."

"என்னது?"

"அத்தா வீட்டுக்கு வரணுமாம். நெறையா குடிச்சா சீக்கிரம் வருவாகளாம்."

ஜெய்த்தூன் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

ஜுமானாவின் அப்பா சிக்கந்தர் தலாக் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அங்கே செருப்புக் கடை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். முதலில் எப்போதாவது வெள்ளிக்கிழமை வந்து மகளைப் பார்த்தான். பிறகு வரவில்லை. அத்தா வேலைக்குப் போயிருக்காக என்று ஜெய்த்தூன் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வாரமே அண்ணன் போனில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தருக்கு நிக்காஹ். பெண் சிவகாசிப் பக்கம்.

"மகட்ட சொல்லிறாத" என்றாள் வெள்ளத்தாய். "புள்ள குடிக்குதுல்ல? அது போதும். தானா மறந்துரும்."

"பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லிருவாங்க, அக்கா. அம்புட்டுத் தண்ணி குடிச்சும் அல்லாஹ் குடுக்கலன்னு நெனைப்பா."

"நெனைக்கட்டும். சின்னப் புள்ள."



சனிக்கிழமை மத்தியானம் ஜுமானா கிளாஸோடு கிப்லா பக்கச் சுவரைப் பார்த்து நின்றாள். ஜெய்த்தூன் அவள் கையைப் பிடித்தாள்.

"இது ஜம்ஜம் இல்லம்மா."

"அப்ப என்ன?"

"கொழாத் தண்ணி. மாமா கொண்டுவந்தது அப்பவே தீந்துருச்சு. நான்தான் நெரப்பி வச்சேன்."

அழுவாள் என்று ஜெய்த்தூன் எதிர்பார்த்தாள். ஜுமானா யோசித்தாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"அதான் அத்தா வரல" என்றாள். "மாமாட்ட நெசம் ஜம்ஜம் வாங்கித் தாம்மா. நான் சிந்தாமக் குடிக்கேன்."

தலையை ஆட்டினால் போதும். அண்ணனிடம் சொன்னால் யாரிடமாவது வாங்கித் தருவார். பிள்ளை குடிப்பாள். ஜெய்த்தூன் மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அத்தா வர மாட்டாகம்மா. எந்தத் தண்ணி குடிச்சாலும் வர மாட்டாக. அத்தாவும் அம்மாவும் பிரிஞ்சுட்டோம். நாளைக்கு அவகளுக்கு நிக்காஹ்."

"ஒன்கூடயா?"

"வேற ஒருத்தவங்ககூட."

ஜுமானா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டது அல்லாவுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. கொழாத் தண்ணி குடிச்சுட்டுக் கேட்டாலும் அவனுக்குக் கேக்கும்."

"அப்ப ஏன்?"

"எனக்குத் தெரியலம்மா."

அன்று அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோற்றோடு இரண்டு வாய் குடித்தாள். பள்ளிக்கூடத்துப் பாட்டில் நிறைந்தபடி திரும்பி வந்தது. புதன்கிழமை ஒன்றுக்குப் போய்விட்டு வந்து தொடையை இறுக்கிக்கொண்டு நின்றாள். எரியுதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள்.

ஜெய்த்தூன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கிளாஸில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தாள்.

"இது என்ன தண்ணி?"

"கொழாத் தண்ணி."

"அத்தா வேலைக்குப் போயிருக்காகன்னியே, அதுவும் பொய்யா?"

"ஆமா."

"வேற என்ன பொய் சொன்ன?"

"வேற இல்ல."

ஜுமானா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கிளாஸை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். விழுங்கினாள். கிளாஸை நகர்த்தி வைத்தாள்.

"மிச்சத்தப் பொறவு குடிக்கேன்."

குடிப்பாளா, சும்மா சொல்கிறாளா என்று ஜெய்த்தூனால் கண்டுபிடிக்க முடியவில்லை.