யாரை உட்கார வைப்பது

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வாங்கி வந்து செதில்கூட எடுக்கவில்லை, வாசலில் கிரிக்கெட் டீம் மொத்தமும் வந்து உட்கார்ந்துவிட்டது. என் தம்பியை இந்த வருஷம் டீமில் எடுப்பதா வேண்டாமா என்று பேச வேண்டுமாம். அதற்கு என் வாசல்தான் கிடைத்ததா? எல்லோருக்கும் டீ வேறு.

என் வீட்டுக்காரர் மணிவண்ணன்தான் கேப்டன். அவர் ஆரம்பித்த டீம். சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராக கிரவுண்டுக்குப் போகிற ஆள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒரு கண் வாட்ச்மேல்தான் இருந்தது, சாயந்திரம் மேட்ச்சாம். அப்படி ஒரு பைத்தியம். என் தம்பி அன்புராஜ் தவளக்குப்பத்தில் இருக்கிறான். அவன் அடித்தால் பந்தைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். அவனுடைய டீம் சண்டையில் கலைந்துவிட்டதால் ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் பாகூர் பக்கத்துப் பொங்கல் டோர்னமென்ட்டில் வெளியூர்க்காரன் ஆடக் கூடாது. பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்றால் ஆடலாம். அதாவது, என் கழுத்தில் தாலி ஏறியதால் அவனும் இந்த ஊர் ஆள்.

"அன்பு வந்தா கப்பு நம்பள்துதான், சந்தேகமே இல்ல," என்றான் கீப்பர் உத்திராபதி. "ஆனா யார ஒக்கார வெக்கிறது?"

ஒருவன் செருப்பைப் பார்த்தான். ஒருவன் செல்லைத் திறந்து மூடினான். முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி பிட்ச்சில் நிற்பது யார் என்று கிரவுண்டில் மேய்கிற மாட்டுக்குக்கூடத் தெரியும். என் வீட்டுக்காரரோ அடுத்தவன் வீட்டு விஷயம் மாதிரி டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் தம்பி வேணாம்," என்றேன்.

"இன்னாக்கா, எல்லாரும் தம்பிக்கு சிபாரிசு பண்ணுவாங்க. நீ இப்பிடிச் சொல்ற?" என்றான் உத்திராபதி.

"கோவக்காரன்பா அவன். ரெண்டு பாலு மிஸ்ஸானா பேட்ட தூக்கிக் கடாசிட்டுப் போயிடுவான். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலவலி?"

பச்சைப் பொய். என் தம்பி பசு. அவனைப் பற்றி இப்படிச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று அடுப்படிக்குள் போனதும் கண் கலங்கியது.

இவர் பின்னாலேயே வந்தார். கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"ஏன்டி, எனுக்காகவா உன் தம்பி மானத்த வாங்கன?"

"நீ இல்லாம இன்னா டீமு? போயா."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "போன மேட்ச்ல ரெண்டு ரன்னு ஓடவேண்டியது. நா ஒண்ணோட நின்னுட்டேன். எதிர்ல உத்திராபதிதான். அவன் வாய் உனுக்குத் தெரியும். ஒரு வார்த்த திட்டல ஜெயா. 'பரவால்லண்ணா'ங்கறான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அதான் தாங்கல."

நான் மீனை அலசுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"நா கூப்ட்டா அன்பு சாக்கு சொல்றான். நீ கூப்புடு."

ஈரக் கையோடு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். தவளக்குப்பம் ஜங்ஷனின் பஸ் ஹாரன்களுக்கு நடுவே தம்பி கேட்டான்: "சரிக்கா. மாமா எத்தினியாவது ஆளா எறங்குறாரு?"

நான் இவரைப் பார்த்தேன்.

இவர் போனைத் தன் பக்கம் இழுத்தார். "நான்தான்டா அம்பயரு. அடிக்கிற சைடுதான் அம்பயர் குடுக்கணும், தெரியாதா? நீ வந்து தைரியமா அடி."

தம்பிக்குப் புரிந்துவிட்டது. "ஒய்டு பாத்துக் குடு மாமா," என்றான்.

"தூரப் போடா நாயே!" இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைலியை ஏற்றி, முட்டியில் சுற்றியிருந்த பேண்டேஜின் கொக்கியைக் கழற்றினார். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, ஒழுங்காக உருட்டி, என்னிடம் நீட்டினார்.

வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது.