குறைந்துகொண்டே போன மார்க்

மார்க் குறையக் குறையச் சந்தோஷப்பட்ட ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும். மனச்சோர்வு என்று சலூன்காரர் சிகிச்சைக்குப் போன முதல் நாள் பத்தொன்பது. மாதம் ஒரு தாள், தாளில் ஒன்பது கேள்விகள். தூக்கம், பசி, பதற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை அவரே போட வேண்டும். கூட்டுத்தொகை குறைந்தால் நல்லது. பத்தொன்பது பதினான்கானது, பிறகு பத்தானது. மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கைக்குப் போன் போட்டு, "இந்தத் தடவை பத்துதான்டி!" என்று ஊரையே கூட்டினாள்.

இன்று ஆறு.

"ஒண்ணு ரெண்டு குறைஞ்சா நாங்க கணக்குலயே எடுத்துக்க மாட்டோம்," என்றார் ஆலோசகர். "முந்தின நாள் நல்லாத் தூங்கினாக்கூட அப்படி வரும். அஞ்சுக்கு மேல குறைஞ்சாத்தான் நிஜமான முன்னேற்றம். உங்களுக்குப் பதிமூணு! இனிமே மாசாமாசம் வர வேண்டாம். மாத்திரையைக் குறைக்கறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசறேன்."

"சூப்பர் மேடம், ரொம்ப சூப்பர்," என்ற சலூன்காரர் சொன்ன கையோடு எழுந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பகீரென்றது. கடையில் துண்டு மடித்துக் கொடுப்பவள் அவள். முடி வெட்டியதும் பின்னந்தலைக்குக் கண்ணாடி காட்டினால், வெட்டு பிடித்துப்போனவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, காதோரம் இன்னும் கொஞ்சம் என்று உயிரை வாங்குவார். பிடிக்காதவர்தான் சூப்பர் என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவார். அடுத்த மாதம் வேறு கடை. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த மனுஷன்தான்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மாத்திரை குறையும், இந்த அறையும் இல்லாமல் போகும், அவர் தனியாகிவிடுவார். திறந்தாலோ மூன்று மாதச் சந்தோஷமும் அம்போ. பாழாய்ப்போன சந்தோஷம்! தினமும் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டேதானே அவள் மார்க்கை நம்பினாள்?

"மேடம், இவர் பொய் சொல்றாரு," என்றாள். "சாப்பாடே இறங்கல. கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்காரு. தெரிஞ்சும் நான் வாயத் திறக்கல."

சலூன்காரர் மறுபடி உட்கார்ந்தார்.

"ரெண்டாவது தடவை சும்மா கொஞ்சம் குறைச்சுப் போட்டேன், மேடம். அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் இவ சிரிச்சுக்கிட்டே வந்தா. அதுக்கப்புறம் ஏத்திப் போட மனசு வரல."

ஆலோசகர் கடிந்துகொள்ளவில்லை. புதுத் தாள் ஒன்றை நீட்டினார். "யாருக்காகவும் போடாதீங்க. எப்படி இருக்கீங்களோ அப்படியே போடுங்க."

எட்டுக் கேள்விகளுக்கு மளமளவென்று போட்டவர், ஒன்பதாவதில் நின்றுவிட்டார். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது அந்தக் கேள்வி. முதல் நாள் தாளில்கூட அங்கே மட்டும் பூஜ்யம் போட்டு ஏமாற்றியிருந்தார்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

எழுந்தவளின் மணிக்கட்டைப் பிடித்தார். "இல்ல, இரு." அவள் பார்க்கப் பார்க்க இரண்டு போட்டார்.

கூட்டினால் இருபத்தொன்று. ஆலோசகர் மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிவைத்து அவரோடு ஒரு மணி நேரம் பேசினார். அந்த நினைப்பு வந்தால் யாரை உடனே கூப்பிட வேண்டும் என்று எழுதி இருவர் கையிலும் கொடுத்தார். மாத்திரையைக் குறைக்கும் பேச்சே இல்லை, இன்றே டாக்டரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், நாளை மறுநாள் திரும்பவும் வர வேண்டும் என்றார். "இனிமே இந்த இருபத்தொண்ணுல இருந்துதான் அளக்கப்போறோம். இதுதான் நிஜம்."

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் காத்திருந்தார்கள்.

"கோவமா?" என்றார்.

"ஆமா, கோவம்தான். நான் சிரிக்கணும்னு இதைத் தனியாத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீங்களா? நான் அழுதா அழுதுட்டுப் போறேன். எனக்கு நீங்க வேணும்."

சலூன்காரர் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார். போகிற வருகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.