உம்மாவுக்கு ஒரு நல்ல ஊர்

ஆயிரத்து முன்னூற்று எண்பது கோடி வருஷத்துக் கதையை, தட்டில் இருக்கும் சம்சா தீர்வதற்குள் சொல்லி முடிக்கச் சொல்கிறார் இந்த மனிதர். அதிலும் கடைசிக்கு முந்தினதை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார். எங்கே ஆரம்பிப்பது? இருட்டிலிருந்தா, வாயுவிலிருந்தா, இல்லை நேரே இவருடைய மூக்கிலிருந்தா?

ஃபஹ்மிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவாப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கிய வாக்கியங்களை மட்டும் சேர்த்துக் கட்டியிருந்தால், அவளுடைய ஆய்வேட்டைவிடத் தடிமனாக இன்னொன்று வந்திருக்கும்.

பெரியவாப்பா என்றால் அசன் மைதீன், அவள் வாப்பாவுக்கு மூத்தவர். பாதி ஆயுளைச் சவூதியில், தம்மாமில் கழித்துவிட்டு மேலப்பாளையத்துக்குத் திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து அத்தரும் கம்பளமும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பூர்வீகத்தைக் கொண்டுவந்தார். அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஏமன்காரர் ஒருவர், ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, உன் மூக்கு எங்கள் ஊர்க்காரன் மூக்கு மாதிரி இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார். அந்த ஏமன்காரர் அதை மறுநாளே மறந்திருப்பார். பெரியவாப்பா மறக்கவில்லை. அந்த மூக்கின் மேல்தான் பதினாலு தலைமுறை எழும்பி நின்றது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் குடும்ப சங்கமம். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ஏமனில் வேர்விட்டு மேலப்பாளையத்தில் கிளை பரப்பிய குடும்ப மரம். அடியில் ஒரு வரி: ‘அறிவியல் முறைப்படி சரிபார்த்தவர்: ஃபஹ்மிதா, வானியல் ஆய்வாளர்.’ பெங்களூரிலிருந்து லீவில் வந்து இறங்கிய அன்றே அந்த வரியைப் பற்றி உம்மா சொல்லிவிட்டாள். ஃபஹ்மிதா சம்மதிப்பாளா என்று யாரும் கேட்கவில்லை. பெரியவாப்பா கேட்டதெல்லாம், மேடையில் அறிமுகம் செய்துவைக்க வசதியாக, நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்பதை மட்டும்தான்.

அவள் சொன்னாள். விண்மீன் திரள் எதுவும் பிறக்கும்போதே பெரிதாகப் பிறப்பதில்லை என்றாள். கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் பள்ளங்களில் வாயு வழிந்து சேர்ந்து, குளிர்ந்து, விண்மீன்களாகி, முதலில் சின்னச் சின்னத் திரள்கள்தான் உண்டாகின; பிறகு ஒன்றையொன்று இழுத்து, மோதி, கலந்துதான் நம் பால்வீதி இந்த அளவுக்கு ஆனது. ஒரே மேகத்திலிருந்து கூட்டமாகப் பிறந்து லட்சக்கணக்கில் ஒட்டிக்கொண்டு திரியும் விண்மீன்களுக்குக் கொத்து என்று பெயர். பால்வீதியைச் சுற்றி அப்படிப்பட்ட பழைய கொத்துகள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் எது இங்கேயே பிறந்தது, எது விழுங்கப்பட்ட திரளோடு வெளியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார். இரும்பை வைத்து என்றாள். பெரிய திரளில் விண்மீன்கள் மடமடவென்று பிறந்து வெடித்துச் செத்து இரும்பைத் தூவிவிடும்; சின்னத் திரளில் அது மெல்லத்தான் சேரும். ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு கொத்துகளில் எதில் இரும்பு குறைச்சலோ, அது பெரும்பாலும் சின்ன இடத்திலிருந்து வந்தது. அப்படி வந்தவற்றில் சில, மற்றதெல்லாம் ஒரு பக்கம் சுற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும்.

பெரியவாப்பா சம்சாவைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கினாற்போல இருந்தது.

“அப்பம் நீயும் பூர்வீகம் பாக்குத வேலதான் பாக்குத. இத்தன வருஷமா எங்ககிட்ட மறைச்சிட்டியே, பிள்ள.”

ஃபஹ்மிதாவுக்கு எரிச்சல் வந்தது. எட்டு ஆண்டுகளில் அவளுடைய ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் சொன்னதில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் உட்பட.

“பெருசு சின்னத முழுங்கிரும். முழுங்குனதெல்லாம் பெருசோட பேருக்குள்ள அடங்கிரும்,” என்றார் அவர். “நம்ம குடும்பமும் அதான.”

“பெரியவாப்பா, அந்தப் பெருசே சின்னதுக சேந்து ஆனதுதான். வந்ததையெல்லாம் கழிச்சிட்டா கொஞ்சந்தான் மிஞ்சும்.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “அது அங்கன. இங்கன அப்படி இல்ல.”

இயற்பியலில் இதைவிட உறுதியான விதி எதையும் அவள் படித்ததில்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

அந்த நேரத்தில்தான் முக்குக் கடை மாரிராஜ் மடிக்கணினியோடு வந்தான். மண்டபத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பவன் அவன். அடிக்கும் முன் ஒருதடவை பெரியவாப்பா பார்த்து ஓகே சொல்ல வேண்டும். திரையைத் திருப்பி வைத்தான். தங்க நிற எழுத்தில் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் மனைவிக்கு என்று ஒரு சின்னக் கட்டம்.

“அண்ணாச்சி, பொம்பளையாளுக பேரு கேட்டா ஊர் ஊராத் தந்திருக்கிய,” என்றான் மாரிராஜ். “இத தாலுகா வாரியா அடுக்கணுமா, மாவட்ட வாரியாவா?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில் வந்து சேர்ந்த பெண்களை அவரவர் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவது. கல்யாணமாகி முதல் நாள் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். மய்யித்தைத் தூக்கும்வரை அதுதான் பெயர். விசேஷ நாளில் அடுக்களைக்குள் நின்றால் பஸ் நிலையத்தில் கண்டக்டர் கூவுவது போலிருக்கும். ராதாபுரம், அந்தத் தேங்காயைத் துருவு. ஏர்வாடி, அடுப்பைத் தணி. பத்தமடைக்கு முட்டுவலி, அவளைக் கூப்பிடாதே. இப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இறந்துபோனவர்களுக்கு என்ன பெயர் இருந்தது என்பதே போய்விட்டது. தன் வாப்பாவைப் பெற்றவளின் பெயர் வேண்டுமென்று பெரியவாப்பா ஒரு வாரமாக எங்கெங்கோ போன் செய்தார். களக்காட்டும்மா என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏமனில் பதினாலு தலைமுறைக்கு முன்னால் ஒட்டகம் மேய்த்தவரின் முழுப் பெயர் தெரிந்தவருக்கு, தன் வாப்பாவின் உம்மா பெயர் தெரியவில்லை.

ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களின் ஊர்களை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாள். அந்த மரத்தில் யாராவது எதையாவது சரிபார்க்க முடியும் என்றால் அந்த வரிசையை மட்டும்தான்.

பெரியவாப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “பாதிப் பேரு தெரியல. பொம்பளையாளுக எடத்துல பூராவும் ரோசாப்பூ போட்டுருவோம் வே. பாக்க அழகா இருக்கும்.”

மாரிராஜ் ஊர்களை ஒவ்வொன்றாக அழித்துப் பூக்களை வைத்தான். ஏர்வாடி ஒரு ரோஜா. களக்காடு ஒரு ரோஜா.

“ஆனா உங்க உம்மாவுக்கு மட்டும் பேரு போடச் சொல்லியிருக்கேன்,” என்றார் பெரியவாப்பா, அவள் பக்கம் திரும்பி. “மொத்த மரத்துலயும் ஒரே பொம்பள பேரு. நீ இவ்வளவு படிச்சு நம்ம பேர நிக்க வச்சதுக்கு. கல்யாண விஷயத்துலதான் நீ இன்னும் வெறும் வாயுவாவே நிக்க. அது உன் நஸீபு.”

மாரிராஜ் மரத்தைக் கீழே நகர்த்தினான். வாப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது: ‘ஷரீபா பீவி, காயல்பட்டினம்.’

“காயல்பட்டினமா?” என்றாள் ஃபஹ்மிதா.

“நல்ல ஊருளா. கடக்கரை. கப்பல் வந்து நிக்குத எடம். ஏமனுக்கு ஒத்துப்போவும்.” ஒரு சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தவர் போல அவர் முகம் பெருமையாக இருந்தது. “மாஞ்சோலைன்னு போட்டா மேடையில எல்லாரும் என்ன நெனைப்பாவ? எஸ்டேட்டு லைன் வீட்டுல பொண்ணு எடுத்தோம்னா?”

எடுத்தது அங்கேதான். வாப்பா கைத்தறிச் சேலை மூட்டையோடு மலைப் பாதை பஸ்ஸில் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவர். ஒருதடவை மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு, கல்யாணம் பேசிக்கொண்டு இறங்கினார். உம்மாவின் வாப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அன்றிலிருந்து உம்மா இந்த வீட்டில் மாஞ்சோலை. வாப்பா மவுத்தான பிறகும் மாஞ்சோலை.

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டை எடுக்க வந்தவள், திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பது உதட்டில் தெரிந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை அவள் பார்த்திருக்க மாட்டாள். தங்க நிறத்தில் நிச்சயமாக இல்லை. ஃபஹ்மிதாவை அடுக்களைக்கு வருமாறு கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

அடுக்களையில் உம்மா குரலைத் தணித்துப் பேசினாள்.

“சரின்னு சொல்லிருளா. ஊருதான. இப்பம் அங்கன யாரு இருக்கா? எஸ்டேட்ட மூடியாச்சு, உங்க மாமாவும் கீழ எறங்கியாச்சு. லைன் வீடெல்லாம் பூட்டிக் கெடக்கு. இல்லாத ஊரச் சொல்லி என்ன ஆவப்போவுது?” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “உன் பேரும் எம் பேரும் ஒரே போர்டுல வரும்லா,” என்றாள்.

ஃபஹ்மிதாவுக்கு அது எதிர்பாராத இடத்தில் பட்டது. பெரியவாப்பாவை எதிர்த்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த கூர்மையான வாக்கியங்கள் எதுவும் இதற்கு உதவவில்லை. அவளுக்கும் அந்தப் பெயரை அங்கே பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசை இருப்பது தெரிந்ததும் தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்ததும், இந்தக் கோபம் உம்மாவுக்காகவா அல்லது தான் எப்போதும் சரியானவளாக இருக்க வேண்டும் என்ற பழைய அகம்பாவத்துக்காகவா என்ற சந்தேகம் வந்தது. இதைப் பிரித்தறிய எந்தத் தொலைநோக்கியும் கிடையாது.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். கொத்துகளின் வயதையும் இரும்பையும் வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் இரண்டு கோடுகளாகப் பிரியும். இங்கே பிறந்தவை ஒரு கோட்டில், வந்தவை இன்னொன்றில். எப்போதும் ஒரு புள்ளி இடைஞ்சலாக நிற்கும். அதைக் கொஞ்சம் தள்ளி அழகான கோட்டின் மேல் வைத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடும், கைதட்டும் கிடைக்கும். புள்ளி ஆட்சேபிக்காது. அது பிறந்த திரள் சாட்சிக்கு வராது. பல நூறு கோடி வருஷங்களுக்கு முன்பே விழுங்கப்பட்டு, இன்று வானத்தில் எந்த மூலையிலும் இல்லை. இல்லாத ஊர்தான். ஆனால் கொத்து மட்டும் அந்த ஊரின் இரும்போடு, அந்த ஊரின் போக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

உம்மா டீக்குத் தண்ணீர் வைத்தாள். கடையிலிருந்து வந்த புதுத் தூள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“பழச அள்ளிக் கலந்திருக்கான்,” என்று பொட்டலத்தை ஒதுக்கி வைத்தாள். “இல்லாத ஊரு, பிள்ள. பைய யோசிச்சுப் பாரு.”

காயல்பட்டினத்து மரைக்காயர் மகள் எவளும் டீத்தூளை அப்படித் தேய்க்க மாட்டாள் என்று ஃபஹ்மிதா நினைத்தாள். முற்றத்தைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள்.

பெரியவாப்பா கடைசி சம்சாவை முடித்திருந்தார். மாரிராஜ் அடி வரிக்கு வந்திருந்தான்.

“மேடம், உங்க பேருக்கு முன்னால முனைவர்னு போடவா, டாக்டர்னு போடவா? டாக்டர்னா எல்லாரும் ஊசி போடுத டாக்டர்னு நெனைச்சுக்கிடுவாவ. அதுவும் கெத்துதான்.”

“ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. அந்த வரிய எடுத்திருங்க.”

மாரிராஜின் விரல் நின்றது. பெரியவாப்பா சிரித்தார், இது ஏதோ படித்தவர்களின் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு ஊர்ப் பெயர்தானே, அதற்குப் போய் என்றார். சங்கமத்துக்கு வருகிற யாரும் காயல்பட்டினத்துக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை என்றார். அவள் திரையில் அந்த அடி வரியையே விரலால் காட்டவே, சிரிப்பு மெல்ல இறங்கியது.

“அப்பம் உங்க உம்மா பேரு?” என்றார். “அதையும் எடுக்க வேண்டியதுதான். நல்லா யோசிச்சுக்க.”

அடுக்களையில் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சரி என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

“மாஞ்சோலைன்னு போட முடியாதுன்னா, அங்கயும் பூவே இருக்கட்டும் பெரியவாப்பா,” என்றாள் ஃபஹ்மிதா, பைய.