அபினின் கிதாருக்கு முப்பது வருஷம்

புதிய கிதாரைப் பழையதாக்குவது என் தொழில். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். திருவொற்றியூரில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நாள் ஒருத்தர் பளபளவென்று ஒரு எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தார். அங்கங்கே பெயிண்ட்டை உரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கிறுக்கு என்று நினைத்தேன். கார்க்காரன் சின்னக் கீறலுக்கெல்லாம் சட்டையைப் பிடிப்பான்; இவரோ வேலை முடிந்ததும் கீறல் போதவில்லை என்று குறைப்பட்டார். ஏழு வருஷமாகிறது. இப்போது என் ஷெட்டுக்குக் கார் வருவதே இல்லை.

இதெல்லாம் தேவைதானா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். சத்தம் மாறுகிறது என்பார்கள். என் காதுக்கு ஒன்றும் மாறியதில்லை. ஒன்று மட்டும் உண்மை. புதிய கிதாரை எடுத்தால் எங்கே கீறல் விழுமோ என்ற பயத்திலேயே பாதி வாசிப்பு போய்விடும். ஏற்கெனவே அடிபட்டதைத் தைரியமாக அணைத்துக்கொள்ளலாம். மற்றபடி, உழைக்காமலே உழைத்த மாதிரி தெரிய வேண்டும் என்கிற ஆசை, அவ்வளவுதான்.

ஆனால் வேலையில் நான் ஏமாற்றுவதில்லை. கம்பெனி பெயிண்ட் பிளாஸ்டிக் மாதிரி கிடக்கும், வெடிக்காது. அதை மொத்தமாகச் சுரண்டிவிட்டு, அந்தக் காலத்துக் கார்களுக்கு அடித்த என்.சி. பெயிண்ட்டை அடிப்பேன். காய்ந்ததும் பாலிதீனில் சுற்றி, காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைப்பேன். மறுநாள் உச்சி வெயிலில் வெளியே எடுத்து வைத்தால் பெயிண்ட் தலைமுடி கனத்துக்குப் பட்பட்டென்று வெடிக்கும். கிதாரின் இரும்புச் சாமான்களை எண்ணூரில் என் அக்கா மலர்க்கொடி வீட்டு மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிடுவேன். கடல் காற்றும் கம்பெனிப் புகையும் சேர்ந்து மூன்று வாரத்தில் துருவேற்றிவிடும், ஆசிட் எதுவும் வேண்டாம். அந்த மாடியில் துணி காயப்போடுகிற அக்காவுக்கும் அதே காற்றுதான். அவள் இருமலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

வாசிக்கிறவன் கை உரசும் இடம், பெல்ட் பக்கிள் படும் இடம் எல்லாவற்றுக்கும் அட்டையில் வெட்டிய அச்சு என்னிடம் உண்டு. அதை வைத்துக் கோடு போட்டு, உப்புத்தாளால் தேய்த்து மரத்தை வெளியே கொண்டுவருவேன்.

தின்னரும் உப்புத்தாளும் ராயபுரத்தில் சாலமோன் அண்ணாச்சி கடையில்தான் வாங்குவேன். அவர் அப்பா காலத்தில் நாசரேத்துப் பக்கமிருந்து வந்து, கல்மண்டபம் அருகில் பெயிண்ட் கடை போட்டு ஊன்றிய குடும்பம். ஒரே பிள்ளை அபின், இருபத்துநாலு வயது, கல்லாவில் உட்காருவான். முதல் தடவை மீதிச் சில்லறையை இடது கையால் நீட்டினான். பீச்சாங்கையால் கொடுத்தால் கடை விளங்குமா என்று கிண்டல் செய்தேன். அதற்கப்புறம் நான் போனால் மட்டும் சில்லறையை வலது கைக்கு மாற்றி, சிரித்துக்கொண்டே கொடுப்பான். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாட்டுக்குக் கிதார் வாசிக்கிறான் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். நான் போய்ப் பார்த்ததில்லை.

ஒரு நாள் கடையில் நின்று என் தொழிலைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருஷத்த மூணு வாரத்துல ஏத்திக் குட்துருவேன் அண்ணாச்சி."

அபின் தலையைத் தூக்கிப் பார்த்தான். எனக்கு வேண்டாம், புதுசு வாங்கப்போகிறேன், நானே வாசித்து ஏற்றிக்கொள்கிறேன் என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வாங்கினான். நாற்பது நாள் வாசித்தான். பிப்ரவரியில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று அவன் பைக்கை அடித்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி ஒரு ஆட்டோவில் அந்தக் கிதாரோடு என் ஷெட்டுக்கு வந்தார். வெளிர் நீலம். உறையைக்கூட அவரே பிரிக்கவில்லை, என்னைப் பிரிக்கச் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், புதுசாக இருக்கிறதே, கோயிலுக்குக் கொடுத்துவிடலாமே என்கிறார்களாம். அவர் மனைவி மகிமா அதைத் தினம் துடைத்துத் துடைத்து வைக்கிறாராம். அந்தப் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை வாழவே இல்லை என்று அவருக்குத் தோன்றுகிறதாம். மகிமாவிடம் ரிப்பேருக்குக் கொடுப்பதாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"அவன் இருந்து வாசிச்சிருந்தா முப்பது வருஷத்துல இது எப்பிடி ஆயிருக்குமோ, அப்பிடி ஆக்கித் தாங்க தம்பி. நீங்கதான முடியும்னு சொன்னீங்க."

முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என் வாய்ச்சவடாலை நம்பி ஒரு தகப்பன் வந்து நிற்கும்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதலில் கம்பிகளைக் கழற்றப் போனேன். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லியது இருந்தது, எல்லாம் தலைகீழ். எந்த முட்டாள் மாட்டினானோ என்று திட்டிக்கொண்டே வெட்டி எறிந்தேன். அப்புறம் கீழ் ஓரத்தில், சவுண்ட் கூட்டிக் குறைக்கிற குமிழ்களுக்குப் பக்கத்தில், ஒரு கீறலைப் பார்த்தேன். மரம் வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் வாசிக்கிறவன் கை படவே படாது. ஆட்டோவில் இடித்திருக்கும் என்று முடிவுகட்டினேன். இருபது வருஷம் கார்க் கீறலை மூடியே பிழைத்தவன் நான். கீறலைக் கண்டால் கை தானாகப் பட்டி டப்பாவுக்குப் போகும். பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மட்டமாக்கினேன். நீலத்தையும் மிச்சமில்லாமல் சுரண்டியெடுத்தேன்.

அதற்கப்புறம் செய்த வேலை மாதிரி என் வாழ்க்கையில் நான் எதையும் செய்ததில்லை. அதே நீலத்தைக் கலந்து அடித்தேன். ஐஸ், வெயில், எண்ணூர் மாடி எல்லாம் முடிந்து, அச்சை வைத்து, மேல் ஓரத்தில் முழங்கை உரசும் இடத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை கோயில், கிறிஸ்துமஸுக்குத் தெருத்தெருவாகப் பாட்டு. முப்பதில் கல்யாணம், நாற்பதில் தொந்தி, அதனால் பெல்ட் பக்கிள் கொஞ்சம் கீழே இறங்கும். இருபத்துநாலு வயதுப் பையனுக்கு ஐம்பத்துநாலு வயது ஆகும்வரை தேய்த்தேன். முடிந்தபோது எனக்கே அழுகை வந்தது. என் கைவேலையைப் பார்த்து வந்த அழுகையும் அதில் இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பியபின் கொண்டுபோனேன். கடைக்கு மேலேயே வீடு. உறையைப் பிரித்ததும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார். அந்த ஒரு கணம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மகிமா அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உரிந்த நீலத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கிதாரை மடியில் வாங்கினார். கழுத்து தன் வலப்பக்கம் போகும்படி திருப்பி வைத்துக்கொண்டார். எல்லோரும் பிடிப்பதற்கு நேர் எதிர்ப்பக்கம். பிள்ளை பிடித்த மாதிரி பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீச்சாங்கை. நானே கிண்டல் செய்த கை. கம்பிகளைத் தலைகீழாக மாட்டியிருந்ததும் அதற்காகத்தான். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த இடம் அடியில் போய் அவர் புடவைமேல் கிடந்தது. அபின் நூறு வருஷம் வாசித்திருந்தாலும் அந்த இடத்தை அவன் கை தொட்டிருக்காது. மேலே வந்திருந்த ஓரத்தை அவர் விரலால் தடவிக்கொண்டே போனார், திரும்ப வந்தார்.

"கீறல் எங்க? அவன் வாட்சு போட்ட கீறல்."

அண்ணாச்சிதான் எனக்கு விளக்கினார். வாங்கிய முதல் வாரமே அவன் வாட்ச் பக்கிள் பட்டு அந்த இடத்தில் ஆழமாகக் கீறிவிட்டதாம். புதுப் பொருளை இப்படிப் பாழாக்கினாயே என்று மகிமா இரண்டு நாள் ஏசினாராம். அதற்கப்புறம் வாசிக்கும்போதெல்லாம் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வானாம். அந்தக் கீறல் எங்கேயும் போகாது, மற்ற தேய்மானமெல்லாம் அதைச் சுற்றி வரும் என்றுதான் அண்ணாச்சி நினைத்திருக்கிறார்.

"நான்தான் அண்ணாச்சி பட்டி வச்சி மூடிட்டேன். ஆட்டோல இட்சிகினு வந்துச்சோன்னு நென்ச்சிட்டேன்."

அவர்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணாச்சி எழுந்து பீரோவைத் திறந்தார். கண்ணாடி நொறுங்கிய ஒரு வாட்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இதாலதான் விழுந்துச்சு. நீங்களே போட்டுத் தாங்க தம்பி. உங்களுக்கு இது ஒரு வேலையா?"

வேலையே இல்லை. ஒரு இழுப்பு. எங்கே என்று கேட்டேன். அண்ணாச்சி ஓரத்தில் விரல் வைத்து, இங்கே, நேராக, சுண்டுவிரல் நீளம் என்றார். மகிமா அக்கா அவர் விரலை எடுத்துவிட்டு, அங்கே இல்லை, இங்கே, சாய்வாக, அதில் பாதிதான் என்றார். தினம் துடைத்தவள் நான் என்றார். அண்ணாச்சி மறுபடியும் தன் விரலை வைத்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

மகிமா அக்கா செல்போனை எடுத்துக் கோயில் வீடியோக்களைத் தேடினார். ஒவ்வொன்றாக நிறுத்தி, பெரிதாக்கி, என்னிடம் காட்டினார். எல்லாவற்றிலும் அபின் வாசித்துக்கொண்டிருக்கிறான், எல்லாவற்றிலும் அவன் கை அந்த இடத்தின்மேல் இருக்கிறது.

போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதான தம்பி கடைசியாப் பாத்தது," என்றார் மகிமா அக்கா. "எங்க இருந்துச்சு?"

வாட்சின் பக்கிள் என் விரலில் குத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு யோசித்தும் நான் வைத்த பட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. தெரியவில்லை என்று சொன்னேன்.