‘ஆமா’வுக்குப் பிறகு

பதிவின் நாற்பத்தேழாவது நிமிடத்தில் அந்தப் பெண் “ஆமா” என்றாள். அதை டைப் அடித்துவிட்டு நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும். போக மனம் வரவில்லை. அந்த ‘ஆமா’வுக்குப் பின்னால், மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், ஏதோ ஊர்ந்து போனது போலிருந்தது. பத்து நொடி பின்னால் தள்ளிக் கேட்டேன். மறுபடி தள்ளினேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவதுதான் எங்கள் ஆபீசின் தொழில். விசாரணை, கூட்டம், டாக்டர்கள் சொல்லும் குறிப்பு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். பதினாறு வருடமாக நான் அங்கே இருந்தேன். ‘காதக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மரியாதை, நாலு மேஜை தள்ளி என்ன பேசினாலும் இவளுக்குக் கேட்டுவிடும் என்ற பயம் கொஞ்சம்.

பதிவில் பேசிய பெண் தகடு அழுத்தும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். மெஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. மூன்றாம் நாள், மருந்து மயக்கம் முழுசாகத் தெளியாத நேரத்தில், ஃபேக்டரி ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து போனில் பதிவு செய்த வாக்குமூலம் அது. முக்கால் மணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு, “மெஷினோட பாதுகாப்பு மூடிய நீங்களேதான் கழட்டினீங்களா?” என்று கேட்கிறார். அவள் “ஆமா” என்கிறாள். அந்த ஒரு வார்த்தை போதும், பழி மொத்தமும் அவள் தலையில் விழும். நஷ்டஈடு கிடையாது, வேலையும் கிடையாது.

எங்கள் முதலாளி போன வருடம் மேஜைக்கு ஒன்றாக ஆம்ப்ளிஃபையர் வாங்கி வைத்திருந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும், நீல விளக்கு எரியும். போனுக்கும் இயர்போனுக்கும் நடுவில் அதைச் சொருகித்தான் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. அவருடைய மச்சான் அந்தச் சாமான்களை விற்கிறவர். மச்சான் வாய் திறந்தால் முதலாளிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. ஆபீஸ் விளம்பரத் தாளில்கூட அச்சடித்துவிட்டார், எல்லாப் பதிவும் ஆம்ப்ளிஃபையர் வழியாக மட்டுமே கேட்டு எழுதப்படுகிறது என்று. அன்றைக்கும் நான் அதை வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டினேன். அந்தப் பெண்ணின் குரல் கூடியது, மின்விசிறியும் கூடவே கூடியது. லாரி ஒன்று காதுக்குள் ஏறி நின்றது போலானது. எரிச்சலில் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இயர்போனை நேராகப் போனில் சொருகி, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

“ஆமா... ன்னு சொல்லச் சொன்னாங்க.”

‘ஆமா’ வேறு, ‘ஆமான்னு சொல்லச் சொன்னாங்க’ வேறு. நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அதேதான்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் தறி மில்லில் நின்றவர். காது பாதி போய்விட்டது. மகள் அவரிடம் கத்திக் கத்திப் பேசுவாள், அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் நிதானமாகச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். சத்தம் வேறு, தெளிவு வேறு என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, சோறு போட்டுத் தெரிந்துகொண்டேன். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் தலையில் மாட்டுகிற பெரிய ஹெட்போன்கள் சிலவற்றுக்குத் தெம்பு கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டியிருக்கலாம். காதில் செருகும் இந்தச் சின்னக் குமிழுக்குப் போன் கொடுக்கிற தெம்பே அதிகம்.

இருந்தாலும் என் காதை மட்டும் நம்பி எழுத நான் தயாராக இல்லை. அடுத்த மேஜைக்காரியைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டதால் அவளுக்குப் பெயரே கண்ணாடிதான். என்ன கேட்டது என்று நான் சொல்லவில்லை. இயர்போனைக் கொடுத்து, காதில் விழுவதை ஒரு துண்டுத்தாளில் எழுது என்றேன். கேட்டாள், எழுதினாள், மறுபடி கேட்டாள். எழுதியதை ஒரு தடவை படித்துவிட்டு, தாளை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா” என்றாள். ஒன்றும் கேட்காதவள் எதை எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

முதலாளியிடம் நானே போனேன். அவர் ஆம்ப்ளிஃபையரை மாட்டி, முழுச் சத்தத்தில் வைத்து, ஒரே ஒரு தடவை கேட்டார். வெறும் காற்றுச் சத்தம் என்றார். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. அது பொம்மை இயர்போன், அதில் நேராகக் கேட்டால் இல்லாததெல்லாம் கேட்கும் என்றார். ஃபேக்டரி நமக்கு எவ்வளவு பெரிய இடம் என்று நினைவுபடுத்தினார். ‘ஆமா’ என்று மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்துவிடச் சொன்னார். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் ‘கேட்டபடியே எழுதியுள்ளேன்’ என்று அச்சடித்திருக்கும், அதன்கீழே எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“கேட்டபடின்னா யார் கேட்டபடி சார்?” என்றேன். “என் காதுல விழுந்தத விழலன்னு எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப வேற யாராவது போடுவாங்க. நீங்க திங்கக்கிழமையில இருந்து வர வேணாம்.”

கையெழுத்தைக் கண்ணாடிதான் போட்டாள். நான் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்வரை அவள் தலையே நிமிரவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபமெல்லாம் மேஜையில் எரிந்துகொண்டிருந்த அந்த நீல விளக்கின்மேல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நீ கேட்டுட்டேன்னு?” என்றார். தெரியாது என்றேன். அப்படியானால் வேலை பாதியில்தான் நிற்கிறது என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார். பிரதி யாருக்குப் போகிறதோ அவருடைய விலாசம் தலைப்பிலேயே இருந்தது எனக்கு நினைவிருந்தது. ஃபேக்டரிக்கு வெளியே இருந்து நியமித்த விசாரணை அதிகாரி. ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதினேன். எந்த நிமிடம், எந்த நொடி, நான் என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன். மறுநாள் காலையில் அவர் ஆபீசிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வந்தேன். எட்டாம் நாள் கூப்பிட்டார்கள்.

நீளமான மேஜை. ஒரு பக்கத்தில் அதிகாரி. அவருக்கு எதிரே ஃபேக்டரி நிர்வாகி, அவர் பக்கத்தில் எங்கள் முதலாளி. முதலாளி பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். சுவரோரம் தனி நாற்காலியில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அதன் அடியில் வலது கையை மறைத்தபடி ஒரு பெண். பதிவில் ஒன்றரை மணி நேரம் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் பார்த்தேன். என்னைவிட ரொம்பச் சின்னவள். மருந்து மயக்கத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். அதுவும் அவளுக்கு எதிராகத்தான் எழுதப்பட்டிருந்தது.

அதிகாரி முதலில் பெட்டி வழியாகக் கேட்டார். முதலாளியே சத்தம் வைத்துக் கொடுத்தார். அதிகாரியின் நெற்றி சுருங்கியது, பாதியிலேயே கழற்றிவிட்டார். ‘ஆமா’ கேட்கிறது, அப்புறம் இரைச்சல்தான் என்றார். நிர்வாகி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் எந்தக் கருவியில் கேட்டேன் என்று விசாரித்தார்.

“போன்லதான்.”

“ஆம்ப்ளிஃபையர் இல்லாம, வெறும் இயர்போன்ல?” எங்கள் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். “அதுல எங்கம்மா இதெல்லாம் கேக்கும்?”

“ஒரு வாக்குமூலத்துக்கு வெறும் போன் போதும்னு நீங்கதானே சார் முடிவு பண்ணீங்க” என்றேன். “பதிவு பண்ணப் போதும், கேக்கறதுக்கு மட்டும் போதாதா?”

நான் கைப்பையிலிருந்து என் இயர்போனை எடுத்து, கைக்குட்டையால் குமிழ்களைத் துடைத்தேன். பதிவு அதிகாரியின் சொந்தப் போனிலேயே இருந்தது. இதைச் சொருகினால் போதும் சார், பெட்டி வேண்டாம், சத்தத்தை நான் வைத்துத் தருகிறேன் என்றேன். பாதிக்கும் கீழே வைத்தேன். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். அதிகாரி எழுந்து போய் அவரே நிறுத்தினார்.

கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரலால் பின்னால் தள்ளினார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரோரத்தில் இருந்தவளைப் பார்த்தேன். கைப்பைக்கு அடியிலிருந்து அவள் கை வெளியே வந்திருந்தது, கட்டுப் போட்டபடி. அது அவளுக்கே தெரிந்திருக்காது. அவள் உதடுகள் மட்டும் ஏதோ ஒரு வார்த்தையைத் தேடுவது போல மெல்ல அசைந்தன.

அதிகாரி கண்ணைத் திறந்தார். ஒரு குமிழைக் காதிலேயே விட்டுவிட்டு, மற்றதைக் கழற்றி, மேஜைக்கு மேலாக நிர்வாகியின் பக்கம் நீட்டினார். ஒயர் பாதி தூரம்தான் வந்தது. அதிகாரி கையை மடக்கவும் இல்லை, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. நிர்வாகி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றி, அந்தக் குமிழை நோக்கிக் குனிந்தார்.